கட்டாயச் சொற்கள்

கேள்வித்தாளை மேஜை மேஜையாக வைத்துக்கொண்டு போகும்போதே கோகிலவாணிக்குக் கோபம் அடங்கவில்லை. காலையில் எட்டரைக்குக் காலேஜ் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே ஆபீசுக்குப் போய் நின்றபோது தொடங்கிய கோபம் இது. சூப்பரிண்டெண்ட் சென்னியப்பன் தலையைத் தூக்கவேயில்லை. கரஸ்பாண்டென்ட் சார் மத்தியானம் இன்ஸ்பெக்ஷன் கமிட்டிக்காரர்களோடு சாப்பிட்டுவிட்டு அப்படியே திருப்பதிக்குக் கிளம்புகிறார், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஏதோ ஒரு கோப்பில் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார். திங்கட்கிழமை. இன்று வியாழக்கிழமை. நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் சென்னையில் தன் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு நிற்க வேண்டும், அரசுப் பள்ளி வேலைக்கான சரிபார்ப்பு அது, இதை எட்டு நாளுக்கு முன்னாலேயே எழுத்து மூலமாகக் கொடுத்தாயிற்று, வாயால் நான்கு தரம் சொல்லியாயிற்று, இந்த மனுஷர் திங்கட்கிழமை என்கிறார். பீரோ அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது, சாம்பல் நிறம், சாவி அவர் இடுப்பில். அதற்குள், சேர்ந்தபோது காலேஜ் வாங்கி வைத்துக்கொண்ட அவளுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.ஏ., எம்.ஏ., பி.எட். எல்லாம் ஒரு நீலக் கோப்பில் கிடக்கின்றன. கை நீட்டினால் எடுத்துவிடலாம். "சார் கையெழுத்தில்லாம நான் ஒரு தாளக்கூட நவுத்த முடியாதுங்க மேடம்" என்றார் சென்னியப்பன், ஏதோ அவர்மீது அவளே பரிதாபப்பட வேண்டும் என்கிற மாதிரி. அந்தக் குரல்தான் இப்போது அறுபத்திரண்டு மேஜைகளுக்கு நடுவே அவளோடு கூடவே நடந்து வந்தது. கடைசி வரிசையில் ஒரு பையன், மேடம் ரெண்டு தாள் வச்சிட்டீங்க என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான்.

நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை, எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே பைபாஸில் கோழிக் கூண்டு லாரி ஒன்று போனது, இறகும் நாற்றமும் வகுப்புக்குள் வந்தன. மூன்று தரம் எழுதிய பரீட்சை. முதல் தரம் நான்கு மார்க்கில் போனது, இரண்டாம் தரம் ஒரு மார்க்கில். அந்த ஒரு மார்க்குக்காக அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, இட்லியைப் பிட்டால் ஒரு மார்க், தலையை வாரினால் ஒரு மார்க். மூன்றாம் தரம் தேறியபோது வயது நாற்பத்தொன்று, இனி ஒரு தரம் என்ற பேச்சே இல்லை, உடம்பும் கேட்காது, மனசும் கேட்காது. அழைப்புக் கடிதத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறான்: ஒரிஜினல்களைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும், தவறினால் வாய்ப்பு ரத்து, மறுவாய்ப்புக் கிடையாது. மஸ்ட் என்று போட்டிருக்கிறான். சரியான இடத்தில் சரியான சொல், அதில் அவளுக்குக் குறை இல்லை. ஆனால் அந்த மஸ்ட்டைக் கொண்டுபோய் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது புருஷன் சண்முகவேல், பொறுமையா பேசு, அவங்களப் பகைச்சுக்காத, நாளைக்கு நமக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வேணும்னாலும் அவங்ககிட்டத்தானே போகணும் என்றான். பொறுமை. ஆறு வருஷமாகப் பேசுகிற பொறுமை. அவன் ரசத்தை உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவனிடம் கத்தியிருக்கலாம்.

பையன்களும் பெண்களும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நாற்பது கேள்வி, எல்லாமே அவள் தயாரித்தவை, எல்லாமே ஒரே பாடம்: ஆங்கிலத்தில் கட்டாயத்தையும் கடமையையும் சொல்லும் சொற்கள். கோடிட்ட இடத்தில் மஸ்ட் வருமா, ஷுட் வருமா, ஹேவ் டு வருமா. இரண்டு வாரம் கரும்பலகையில் எழுதி எழுதித் தோள்பட்டை வலித்துச் சொல்லிக்கொடுத்தாள். மஸ்ட் என்றால் சொல்கிறவனே உன்னைக் கட்டாயப்படுத்துகிறான். ஹேவ் டு என்றால் கட்டாயம் வெளியிலிருந்து வருகிறது, சட்டமோ சூழ்நிலையோ. ஷுட் என்றால் உன் நல்லதுக்குச் சொல்கிறேன், கேட்டால் கேள். ஆட் டு என்றால் அது முறை, செய்யாவிட்டால் உன் மனசு உறுத்தும். நீட் நாட் என்றால் அவசியமில்லை, செய்தாலும் சரி செய்யாவிட்டாலும் சரி. மஸ்ட் நாட் என்றால் செய்யவே கூடாது. இந்தக் கடைசி இரண்டையும்தான் பிள்ளைகள் வருஷா வருஷம் குழப்புவார்கள், மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது என்பதற்குப் பதிலாகச் சாப்பிட அவசியமில்லை என்று எழுதி நோயாளியைக் கொன்றுவிடுவார்கள். அவள் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, செத்துட்டான் என்று பக்கத்தில் எழுதுவாள், வகுப்பே சிரிக்கும். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் காலேஜில் ஆறு வருஷத்தில் யாராவது அவளிடம் ஒரு தரம், அவசியமில்லை மேடம் நீங்க போங்க என்று சொல்லியிருக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை அட்மிஷனுக்கு ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கரஸ்பாண்டென்ட் வீட்டுக் கல்யாணத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பன்னீர் தெளிக்க வேண்டும். வேண்டும், வேண்டும், வேண்டும். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். மேடம், ஆறாவது கேள்விக்கு மஸ்ட்டும் வருது, ஷுட்டும் வருது என்றாள். ஆறாவது கேள்வி, லைப்ரரி புத்தகத்தை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தருவது பற்றியது. ஒன்றுதான் வரும், யோசித்து எழுது என்று கோகிலவாணி எரிந்து விழுந்தாள். அந்தப் பெண் உட்காரவில்லை. "யாரு சொல்றாங்கன்னு நீங்க போடலீங்களே மேடம். லைப்ரரியன் சொன்னா மஸ்ட். ஃப்ரெண்டு சொன்னா ஷுட்." சரியாகத்தான் சொல்கிறது பெண். இரண்டுக்கும் மார்க் உண்டு என்று சொல்லி உட்காரவைத்தாள். சொன்ன பிறகு காதெல்லாம் சூடாக இருந்தது.

யார் சொல்கிறார்கள் என்று போடவில்லை. இது எங்கேயோ போய்க் குத்துகிறது, எங்கே என்று தெரியும், அங்கே போகக் கூடாது என்று மறுபடி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள், மின்விசிறியின் கிறீச் சத்தத்தை எண்ணினாள், ஒரு பையனின் சட்டைக் காலரில் பிரிந்த நூலைப் பார்த்தாள், இருந்தும் நினைப்பு அங்கேதான் போய் நின்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால், அவள் சேர்ந்து மூன்றாவது நாள். கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜையில் ஒரு தாள் இருந்தது, புதிதாகச் சேருகிற ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டுத் தருகிற உறுதிமொழித் தாள். யாரோ ஒரு டைப்பிஸ்ட் எழுதிய ஆங்கிலம். ஒரிஜினல்களைத் தயவுசெய்து ஒப்படைக்கலாம், பிற்பாடு திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்கிற அர்த்தத்தில் கொழகொழவென்று ஓடியது, எழுத்துப்பிழை வேறு ஏழெட்டு. நீங்க எம்.ஏ. இங்கிலீஷாச்சே, கொஞ்சம் பாத்துக் குடுங்கம்மா என்றார். இவள் பார்த்தாள். பார்த்தாளா? விழுந்து விழுந்து பார்த்தாள். அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு, ஒவ்வொரு வாக்கியமாகப் பிடித்து முறுக்கினாள். ஒப்படைக்கலாம் என்பதை எடுத்துவிட்டு ஒப்படைக்கப்பட்டே ஆக வேண்டும் என்று போட்டாள். திரும்பப் பெறலாம் என்பதை எடுத்துவிட்டு, நிர்வாகம் முறைப்படி விடுவிக்கும் வரை நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருக்கும் என்று போட்டாள். யார் யாரிடம் கேட்கிறார்கள் என்றே தெரியாத மாதிரி, வானத்திலிருந்து வந்த மாதிரி, என்ன அழகான வாக்கியம். ஓட்டை இருந்த இடமெல்லாம் அடைத்தாள். அதில் மாட்டப் போகிறவர்கள் மனுஷர்கள் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நினைத்தாளா? இல்லை. ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். இதுதாம்மா இங்கிலீஷ் என்று கரஸ்பாண்டென்ட் ஒரு பேனாவைப் பரிசாகக் கொடுத்தார், தங்க நிறக் கிளிப் வைத்த பேனா, அதை வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள். புதுத் தாள் அச்சாகி வந்ததும் முதல் கையெழுத்து அவளுடையதுதான். பழைய தாளில் ஏற்கெனவே போட்டிருந்தது செல்லாது என்று மறுபடி வாங்கினார்கள். அந்தப் பேனாவால்தான் போட்டாள். மடச்சி. தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்து, முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்தும் பார்த்த மடச்சி.

சகாயராணி இருந்தாள். பிசிக்ஸ். நாசரேத்துப் பக்கத்துப் பெண், மதியச் சாப்பாட்டில் எப்போதும் ஒரு கருவாட்டுத் துண்டை மூடியில் வைத்து இவள் பக்கம் தள்ளுவாள். அவளுக்குத் தூத்துக்குடியில் நல்ல இடத்தில் வேலை கிடைத்தது, அப்பாவுக்குப் பக்கவாதம், பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஊரோடு போய்விடலாம் என்று சந்தோஷமாக இருந்தாள். ஒரிஜினலைக் கேட்கப் போனாள். அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்கள். முறைப்படி விடுவிக்கும் வரை என்று எழுதியிருக்கிறதே, நாங்கள் இன்னும் விடுவிக்கவில்லையே என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆபீஸ் வாசலில் நின்றாள். அந்த வேலை போயிற்று. கடைசியில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனாள், சர்டிபிகேட் இல்லாமலேயே. போவதற்கு முன்னால் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து தன் டப்பாவையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்தத் தாள நீங்கதான் எழுதுனீங்களாமே அக்கா?" அக்கா என்றுதான் சொன்னாள், குரலில் கோபம்கூட இல்லை. நான் எழுதவில்லை, திருத்தினேன், அவ்வளவுதான் என்று இவள் சொன்னாள். திருத்தினேன். எழுதுவதற்கும் திருத்துவதற்கும் வித்தியாசம் சொன்னாளாம், பெரிய மேதாவி. சகாயராணி சரிக்கா என்று போய்விட்டாள். இன்றைக்கு அவள் எங்கே இருக்கிறாளோ, அவள் சர்டிபிகேட் இன்னும் அந்தச் சாம்பல் பீரோவில்தான் கிடக்கிறதோ என்னமோ. கோகிலவாணிக்குச் சென்னியப்பன் மேல் வந்த கோபம், கரஸ்பாண்டென்ட் மேல் வந்த கோபம், ரசம் உறிஞ்சிய புருஷன் மேல் வந்த கோபம் எல்லாம் சுற்றிச் சுற்றிவந்து அவள் மேலேயே விழுந்தன. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. முன்வரிசைப் பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தான் காப்பியடிப்பதாக நினைத்துவிட்டாளோ என்று பயந்து தாளைக் கையால் மறைத்துக்கொண்டான்.

மணி பதினொன்றேகால். பதினொன்றரைக்குப் பரீட்சை முடியும், பன்னிரண்டுக்கு இன்ஸ்பெக்ஷன். வருஷத்துக்கு ஒரு தரம் காலேஜ் அங்கீகாரத்துக்காக வெளியிலிருந்து ஒரு கமிட்டி வந்து கருத்தரங்கு அறையில் உட்காரும், ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். அன்றைக்கு மட்டும் பீரோ திறக்கும். இடது பக்கக் கதவில் ஆபீஸ் உதவியாள் நின்று அவரவர் கோப்பை அவரவர் கையில் கொடுப்பார். உள்ளே போய்க் காட்டி, கேட்டதற்குப் பதில் சொல்லி, வலது பக்கக் கதவால் வெளியே வந்தால் அங்கே சென்னியப்பன் நிற்பார், கோப்பை வாங்கிக்கொள்வார். மூன்று நிமிஷம். ஆறு வருஷத்தில் ஆறு தரம், மொத்தம் பதினெட்டு நிமிஷம் அவள் தன் சர்டிபிகேட்டைக் கையில் வைத்திருந்திருக்கிறாள். ஒரிஜினல்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி, அதனால் உள்ளே கமிட்டித் தலைவர் ஒரே கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்பார்: ஒரிஜினல்கள் உங்கள் வசம்தானே இருக்கின்றன? ஆமாம் சார் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பதிலுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். வித் மீ ஒன்லி சார் என்று சொல்லி மானத்தை வாங்குகிறார்கள் என்று கரஸ்பாண்டென்ட் சடைத்துக்கொண்டதற்காக, எல்லா ஆசிரியரையும் வரிசையில் நிறுத்தி, தே ஆர் இன் மை கஸ்டடி சார் என்று பத்துப் பத்துத் தரம் சொல்லவைத்தாள். பொய்யைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டுமே. இன்று காலைகூட, போன மாசம் சேர்ந்த கணக்கு டீச்சர் பூங்கோதை, இருபத்துநாலு வயசு, வராந்தாவில் இவளைப் பிடித்து நிறுத்தி, அக்கா, கஸ்டடியா பொசெஷனா, மறந்துபோச்சுக்கா என்று கேட்டாள். எதைச் சொன்னாலும் சரிதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்று நிமிஷம். இந்த மூன்று நிமிஷம் என்பது திடீரென்று வேறு மாதிரி மனசில் வந்து நின்றது, அவள் நடையை நிறுத்தினாள். ச்சீ, என்ன நினைப்பு இது. சென்னியப்பன் கையை நீட்டுவார், அவர் பக்கத்தில் வாட்ச்மேன் இருப்பான், அசிங்கமாகிவிடும், பிள்ளைகள் பார்ப்பார்கள், புருஷனுக்குப் போன் போகும், அக்கம்பக்கத்து எந்தக் காலேஜிலும் இனி வாசல்படி மிதிக்க முடியாது. கைப்பையைத் திறந்து பார்த்தாள், டிபன் டப்பா, குடை, தண்ணீர் பாட்டில். டப்பாவையும் குடையையும் எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

மணி அடித்தது. விடைத்தாள்களை வாங்கி, எண்ணி, கட்டி, தேர்வுப் பிரிவு ஆபீசில் ஒப்படைத்து ரசீது வாங்கினாள். அறுபத்திரண்டு தாளுக்கு ரசீது உண்டு. சேர்ந்த அன்றைக்கு அவள் ஐந்து சர்டிபிகேட்டைக் கொடுத்தபோது ரசீது கேட்கத் தோன்றவில்லை, கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள். கருத்தரங்கு அறை வராந்தாவில் பெண்கள் எல்லோரும் நல்ல சேலையில், மல்லிகைப்பூவில், ஆண்கள் டை கட்டிக்கொண்டு நின்றார்கள், வாய்க்குள் எல்லோருக்கும் அதே ஒரு வாக்கியம். அவளுக்குப் பின்னால் பூங்கோதை நின்றாள், உதடு அசைந்துகொண்டிருந்தது. வரிசை நகர்ந்தது. இடது பக்கக் கதவில் பெயரைச் சொன்னதும் நீலக் கோப்பு கைக்கு வந்தது. எடை ஒன்றுமில்லை, கால் கிலோகூட இருக்காது. திறந்து பார்த்தாள். பத்தாம் வகுப்புத் தாளில் தலைமையாசிரியர் போட்ட பச்சை மைக் கையெழுத்து அப்படியே இருந்தது, எம்.ஏ. பட்டத்தின் ஒரு மூலை மட்டும் பூச்சி அரித்திருந்தது. பூச்சி அரித்திருந்தது. பத்திரமாக இருக்கும் என்றுதானே வாங்கினீர்கள், நாய்களா. அவளுக்கு அழுகை வரவில்லை, கோப்பை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் வழுக்கைத்தலையோடு தலைவர், ஓரத்தில் சோபாவில் கரஸ்பாண்டென்ட் சிரித்த முகமாக, முந்திரித் தட்டுக்குப் பக்கத்தில். தலைவர் கோப்பைப் புரட்டினார், பெயரைப் பார்த்தார், வழக்கமான கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். ஒரிஜினல்கள் உங்கள் வசம்தானே இருக்கின்றன, நிர்வாகம் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லையே? கோகிலவாணி கரஸ்பாண்டென்டைப் பார்த்தாள். அவர் தலையை மெல்ல ஆட்டினார், சொல்லும்மா என்கிற மாதிரி. அவள் தெளிவாக, தான் பத்துப் பத்துத் தரம் சொல்லிக்கொடுத்த அதே ஆங்கில வாக்கியத்தை, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: அவை என் வசம் இருக்கின்றன சார். குட் என்றார் தலைவர். கோப்பை வாங்கினாள். அங்கேயே, மூன்று பேரும் பார்க்க, கரஸ்பாண்டென்ட் பார்க்க, கைப்பையைத் திறந்து கோப்பை உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். கரஸ்பாண்டென்டின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, முந்திரி எடுக்கப் போன கை மட்டும் நடுவழியில் நின்றது. வலது பக்கக் கதவு திறந்தேயிருந்தது. சென்னியப்பன் வழக்கம்போல் கையை நீட்டினார். மேடம், ஃபைல் என்றார் மெதுவாக. அவள் நின்றாள், திரும்பாமல், ஆனால் உள்ளே கேட்கிற குரலில் சொன்னாள். "கமிட்டி சார் கேட்டதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு நீங்களும் கேட்டீங்கல்ல சென்னியப்பன் சார்? என்கிட்டதான் இருக்கு. வேணும்னா உள்ள போய் இல்லீன்னு சொல்லுங்க." சென்னியப்பன் உள்ளே பார்த்தார். அவளைப் பார்த்தார். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் வராந்தாவில் நடந்தாள், செருப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டது, வாட்ச்மேன் வழக்கம்போல் வணக்கம் வைத்தான். பின்னால், திறந்திருந்த கதவு வழியாக, தலைவர் பூங்கோதையிடம் அதே கேள்வியைக் கேட்பது கேட்டது. கோகிலவாணி படியில் ஒரு நிமிஷம் நின்றாள். தலைவர் இரண்டாம் தரம் கேட்டார். பூங்கோதையின் பதில் இன்னும் வரவில்லை.